இறுக்கி மூடிய குழாய்

"மறுபடியும் சொட்டுது, காதுல விழலையா?" என்று புஷ்பம் கேட்டாள். அப்படித்தான் கேட்டிருப்பாள் என்று சவரிமுத்து எடுத்துக்கொண்டார். அடுப்படி நிலையில் கரண்டியோடு நின்றிருந்தாள், முகம் சிடுசிடு என்று இருந்தது, இந்த ஒரு மாசமாக அந்த முகத்தோடு இந்த வீட்டில் சொல்லப்படுகிற வாக்கியம் வேறு ஒன்றும் கிடையாது. "விழுது, விழுது. நீ உன் வேலையப் பாரு, நான் போய் மூடுறேன்" என்று கட்டிலை விட்டு எழுந்தார். இடுப்பு முணுக்கென்றது. இன்றைக்கு அவருக்கு ஆஃப். ஒருநாள் வண்டி, ஒருநாள் வீடு. வண்டி நாளில் கோழி கூவும்முன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் துவாக்குடிக்குமாக ஊர் அடங்குகிற வரைக்கும் ஓட்டம், முன்னால் போகிற வண்டிக்காரன் ஆளை அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது, பின்னால் வருகிறவன் முந்திவிடக் கூடாது, வெயில், புழுக்கம், காலுக்கடியில் என்ஜின் சூடு. ஆஃப் நாளில் மனுஷன் படுக்க வேண்டாமா? படுக்க விட்டால்தானே. இல்லை, குழாயைச் சொல்லிக் குற்றமில்லை, குழாய் பாட்டுக்குச் சொட்டுகிறது, அதன் சத்தம் அவரை எழுப்பவே இல்லையே, எழுப்புகிறது புஷ்பம். அந்தக் குழாய் சொட்டுகிற சத்தத்தை அவர் இந்த ஒரு மாசத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இடது காது, என்ஜின் பக்கம் இருக்கிற காது, சொல்லாமல் கொள்ளாமல் எப்பவோ போய்விட்டது. போனால் போகட்டும், வலது இருக்கிறதே என்று இருந்தார். இப்போது வலதும் கிளம்பிவிட்டது. கட்டையான சத்தம் எல்லாம் கேட்கிறது, லாரி கேட்கிறது, மாதா கோயில் மணி கேட்கிறது, மேனேஜர் அடித்தொண்டையில் கத்துவது நன்றாகவே கேட்கிறது. மெல்லிசாக இருக்கிறதுதான் விழுவதில்லை. குக்கர் விழுவதில்லை, கொலுசு விழுவதில்லை, குழாய் விழுவதில்லை. அப்புறம் விசில். அதை மனசுக்குள்கூட முழுசாக நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. டவுன் பஸ் ஓட்டுகிறவனுக்கு விசில் கேட்கவில்லை என்றால் அப்புறம் அவன் என்ன டிரைவர்? புஷ்பத்துக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நாளைக் காலையில் ஷெட்டில் மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து, கண்டக்டர் தனசீலனையும் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறார். சிங்கிளா, டபுளா? அதற்குள் இந்த வீட்டில் குழாயை மூட வேண்டும்.

குளியலறையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். நீலப் பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. புஷ்பம் சும்மா விடுகிறவள் இல்லை, சொட்டுத் தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுவாள், துணி அலசுவாள், வாசல் தெளிப்பாள், அதற்கு மேலும் ஒரு குடும்பம் எத்தனை பக்கெட் தண்ணீரைத்தான் செலவழிக்கும்? குழாய் மூக்கில் ஒரு சொட்டு திரண்டது. நின்று யோசித்தது. விழுந்தது. பக்கெட்டில் ஒரு வட்டம் விரிந்து ஓரத்தில் முட்டியது. சத்தம் இல்லை. டிவியில் சத்தத்தை அமுக்கி வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று திரண்டது. வலது காதைத் திருப்பிப் பக்கெட் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். கன்னத்தில் ஒரு திவலை பட்டது. சத்தம் இல்லை. சேசுவே, இவ்வளவு கிட்டத்திலேயுமா? கையை நீட்டிக் குழாயைத் திருகினார். திருகினார், இன்னும் திருகினார், கை நரம்பு புடைக்கிறவரை திருகினார். மற்ற மனுஷர்கள் குழாயை மூடினால் சத்தம் நின்றதும் கையை எடுத்துவிடுகிறார்கள், இவருக்கு நின்றது என்று யார் சொல்வது? கண்ணால் பார்க்கலாம் என்றால் அடுத்த சொட்டு வரவா வேண்டாமா என்று மூக்கிலேயே தொங்கி ஆட்டம் காட்டுகிறது, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறுக்கு. அதுதான் வினையாகப் போயிற்று. போன தடவை வந்த பிளம்பர் ஷாகுல், உள்ளே இருந்த ரப்பர் வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "யாருக்கா இந்தக் குழாயோட மல்லுக்கட்டுறது? அறுத்தே எடுத்துட்டீங்களே. லேசா மூடினாப் போதும்க்கா" என்று சொன்னானாம். புஷ்பம் சிரித்துக்கொண்டே, "டிரைவர் கையி தம்பி, பிரேக்க அமுக்குற மாதிரியே எல்லாத்தையும் அமுக்குவாரு" என்றாளாம். இதை அவளே வந்து சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். புது வாஷர் போட்டால் ரெண்டு வாரம், அப்புறம் பழைய கதை. வாஷர் என்னமோ சல்லிக் காசுதான், ஆள் வந்து போகிற கூலிதான் கடுப்பு. நாலு குடித்தனத்துக்கும் மாடியில் ஒரே தொட்டி, கீழே ஒரே மோட்டார், கரண்டுக் காசு நாலாகப் பங்கு. தொட்டி காலியாகிறது, மோட்டார் ஓடுகிறது, போன வாரம் மோட்டாருக்குள் கம்பி சுற்றின காயிலே புகைந்துபோயிற்று. வீட்டுக்காரம்மா சரோஜினி மாடிப்படிக் கீழே நின்றுகொண்டு, "மேல் வீட்டுல அருவியே கொட்டுதாமே, இந்த வருசம் குத்தாலம் போக வேண்டியதில்ல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாளாம். எல்லோருக்கும் கேட்டது. புஷ்பம் அன்றைக்கு ஒருவாய்ச் சோறு சாப்பிடவில்லை. காயில் கட்டின செலவு முழுக்கத் தன் தலையில் என்று அவளாகவே ஒத்துக்கொண்டு வந்துவிட்டாள், ரோஷக்காரி. எல்லாம் இந்தக் கையால் வந்தது. கையாலா? காதால் வந்தது. ஒரு காது மந்தமானால் மோட்டார் வரைக்கும் போய் முட்டும் என்று எவன் கண்டான்? சொட்டு இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. விட்டுவிட்டு எழுந்தார்.

"நின்னுச்சா?" என்றாள் புஷ்பம். "நிக்கல. ஷாகுலுக்குச் சொல்லிவிடு" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே என்னவோ நீளமாகப் பேசினாள், தலையைக் குனிந்து பேசியதால் உதடு அகப்படவில்லை, "ம், ம்" என்று வைத்தார். இந்த ம் ஒரு பெரிய உபகாரி. முக்கால் குடும்பம் இந்த ம்மில் ஓடுகிறது. எதிராளி சிரித்தால் சிரிக்க வேண்டும், நிறுத்தினால் ம் போட வேண்டும், புருவத்தைத் தூக்கினால் "அதான் எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட வேண்டும், எதற்கும் பொருந்தும். கோயிலிலும் அப்படித்தான். பிரசங்கம் ஒரே ரீங்காரம், முன்வரிசை எழுந்தால் எழுவது, உட்கார்ந்தால் உட்காருவது. போன தவக்காலத்தில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதுதான் மாட்டிக்கொள்ள இருந்தார். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் கிசுகிசுவென்று எத்தனை ஜெபம் அபராதமாகக் கொடுத்தாரோ தெரியவில்லை, திரும்பக் கேட்கவும் கூச்சம், வெளியே வந்து தானாகவே அஞ்சு அருள்நிறைந்த மரியே சொல்லி முடித்துக்கொண்டார். கூடவா குறைச்சலா என்று இன்றைக்கும் ஒரு உறுத்தல். குறைச்சலாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் நேற்று அப்படி ஆயிற்று. சீ, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கட்டிலில் சாய்ந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் சத்தம் இல்லாமல். நேற்று சத்தம் இருந்தது. என்ஜின் சத்தம், சந்தைக் கூட்டம்போல ஆள் சத்தம், பால்பண்ணை ஸ்டாப்பு, மாலைக் கூட்டம். ஒரு விசில் என்றால் நிறுத்து, நில். ரெண்டு விசில் என்றால் எடு, போ. முப்பது வருஷமாக அவர் காலும் அந்த விசிலும்தான் பேசிக்கொள்ளும், இடையில் அவருக்கு வேலையே கிடையாது. இப்போது இந்த ரெண்டு வருஷமாகக் கண்ணை வைத்து ஓட்டுகிறார். உள் கண்ணாடியில் தனசீலனின் கன்னம் உப்புவதை எண்ணுவார். ஒரு தடவை உப்பினால் சிங்கிள், ரெண்டு தடவை உப்பினால் டபுள். கூட்டம் மறைத்தால் வெளிக் கண்ணாடியில் படியைப் பார்ப்பார், எவனாவது தகரத்தைத் தட்டினால் அந்த அதிர்வு முதுகில் தெரியும், அதுவும் போதும். இத்தனை நாள் போதுமாகத்தான் இருந்தது. நேற்று உள் கண்ணாடி முழுக்கத் தலைகள். தனசீலன் எங்கேயோ பின்னால் அமுங்கிக் கிடந்தான். பின்னால் அடுத்த வண்டிக்காரன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். ஏறியாச்சு, இறங்கியாச்சு, இந்நேரம் டபுள் கொடுத்திருப்பான் என்று அவருக்கே தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். கியரைப் போட்டு எடுத்தார். வண்டி முழுக்க ஒரு அலறல், அது கட்டைச் சத்தம், அது கேட்டது. ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ரோட்டிலும் வைத்திருந்த ஒரு பொம்பளை கையை ஊன்றிக் குப்புற விழுந்தாள். செருப்பு ஒன்று பின்சக்கரத்துக்கு அடியில் போயிற்று. செருப்பு மட்டும்தான் போயிற்று. அந்தோணியாரே, செருப்பு மட்டும்தான்.

அவள் எழுந்து உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "யோவ், காது செவிடாய்யா உனக்கு?" என்று கத்தினாள். அதையும் அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். யாரும் யாரையும் திட்டுகிற திட்டுதான் அது, ஒரு நாளைக்குப் பத்துப் பேர் திட்டுவார்கள், கண்ணு பொட்டையா, காது செவிடா, வூட்ல சொல்லிட்டு வந்தியா என்று. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துபோச்சு என்றே அவர் நினைத்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தனசீலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான், முகம் வெளிறிப்போய், "அண்ணே, சிங்கிள் குடுத்தேனேண்ணே" என்றான். அப்போது இவர் வாயில் அது வந்தது. எங்கிருந்து வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யோசிக்கவும் இல்லை, "டபுள்தான்டா குடுத்தே" என்று வந்துவிட்டது. அதட்டலாக வேறு வந்தது. பயத்தில் வருகிற அதட்டல் எப்போதும் கொஞ்சம் பெரிசாகத்தான் வருகிறது. பயல் சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் விரலில் சுற்றிய விசிலைப் பார்த்தான், "சிங்கிள்தான்ணே... சிங்கிள்தானே குடுத்தேன்? டபுளாவா போயிருச்சு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான், அப்புறம், "நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றான். இந்தப் பயலை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதே சவரிமுத்துதான். மத்தியானத்தில் இவர் டிபன் கேரியரின் அடித்தட்டு அவனுக்கு என்று புஷ்பமே தனியாக வைத்து அனுப்புவாள். ராத்திரி அந்தப் பொம்பளையின் அண்ணன் நாலு பேரோடு ஷெட்டுக்கு வந்து சத்தம் போட்டான், மணிக்கட்டு எலும்பு விட்டிருக்காம், யாராவது ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பாமல் விடமாட்டோம் என்றான். மேனேஜர் அடுத்த டூட்டிக்கு வரும்போது விசாரிக்கிறேன் என்றார். டபுள் என்றால் தனசீலன் வீட்டுக்கு. சிங்கிள் என்றால் சவரிமுத்து வீட்டுக்கு, அதோடு காதைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்கு, அதோடு எல்லாமே முடிந்தது, காது கேட்காத டிரைவரை எந்த முதலாளி வண்டியில் ஏற்றுவான், வாட்ச்மேன் வேலைக்குக்கூடக் காது வேண்டும். அவன் சின்னப் பையன், வேறு வண்டி கிடைக்கும். கிடைக்குமா? விசில் தெரியாத கண்டக்டர் என்று பேர் வாங்கினவனை எவன் சேர்ப்பான்? கிடைக்கும், கிடைக்கும், இந்த ஊரில் வண்டிக்கா பஞ்சம்? ஒருவேளை அவன் நிஜமாகவே டபுள்தான் கொடுத்திருந்தால்? ஏன் கொடுத்திருக்கக் கூடாது? அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டதே. நேற்று ராத்திரி புஷ்பத்திடம் சொல்கிறபோதுகூட டபுள் என்றுதான் சொன்னார், அவள் உடனே, "எவளையாவது பாத்துக்கிட்டே ஊதியிருப்பான், அவனாலே உங்க பேரு கெட்டுது, இனிமே அவனுக்கு அடித்தட்டும் கிடையாது, மேல்தட்டும் கிடையாது" என்று பொரிந்து தள்ளிவிட்டாள். எவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாள். ரெண்டு பேர் நம்பினால் மூன்றாவது ஆள் நம்ப எவ்வளவு நேரம்? டபுள், டபுள், என்று சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல நேற்று ரெண்டு விசில் கேட்ட மாதிரியே இருந்தது. கேட்டதா? கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. என்ஜின்தான் கேட்டது. கண் எரிந்தது. வலது காதைத் தலையணையில் அழுத்திச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படிப் படுத்தால் உலகத்தில் ஒன்றுமே இல்லை. ரொம்ப நாளாக அவருக்குப் பிடித்த படுக்கை அது, பிடித்திருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. சிங்கிள், டபுள், சொட்டு, தனசீலனின் உப்பின கன்னம், சொட்டு, யாரோ படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார்கள், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அப்படியே தூங்கிப்போனார்.

எழுந்தபோது வெயில் ஜன்னல் கம்பியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. வாய் கசந்தது. புஷ்பம் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தாள், தோளைத் தட்டி எழுப்பினது அவளாகத்தான் இருக்கும். என்னவோ கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் பாதிதான் பிடிபட்டது, குழாய் என்பது பிடிபட்டது, சத்தம் என்பது பிடிபட்டது, கேக்குதா என்பது பிடிபட்டது. ஆரம்பித்துவிட்டாள், அடக் கடவுளே, கண்ணைத் திறக்கிறதுக்குள் ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கு எனக்குத் தலைபோகிற காரியம், இவளுக்குக் குழாய். சலிப்பில் அவருக்குப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே வந்தது. "கேக்குது, கேக்குது. கேக்காம என்ன? டொக்கு டொக்குன்னு மண்டைக்குள்ள விழுது. படுத்ததுலேருந்து பொட்டுத் தூக்கம் இல்ல. அந்த ஷாகுல் பய எங்க தொலைஞ்சான்? நீ போய் ஒரு துணியையாவது சுத்திவிடேன், சத்தம் தாங்கல" என்றார். சொல்லிவிட்டு டம்ளருக்குக் கை நீட்டினார்.

டம்ளர் வரவில்லை. புஷ்பம் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தில் சிடுசிடுப்பு இல்லை, சிரிப்பும் இல்லை, இந்த முகத்துக்கு என்ன வாக்கியம் என்று அவருக்குத் தெரியவில்லை. குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் டீயை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில், அவருக்கு நேராக, முகத்துக்கு முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "ஷாகுல் வந்துட்டுப் போயிட்டான். பழைய குழாயைக் கழட்டிட்டுப் புதுசு போட்டான். சுத்தியல் வச்சு அடிச்சான். கீழ் வீட்டுக்காரம்மா என்ன இடி இடிக்கிறீங்கன்னு மேல வந்து சத்தம் போட்டுட்டுப் போறா. இப்பச் சொட்டலைங்க. இனிமே குழாய்ச் சத்தம் கேக்குதா, நிம்மதியா இருக்குல்லன்னுதான் கேட்டேன்."

ம் போட்டுப் பார்த்தார். இதற்குப் பொருந்தவில்லை. தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம், கனவு கண்டேன் என்று சொல்லலாம், வேறு என்னவெல்லாம் சொல்லலாம் என்று மனசு பரபரவென்று தேடியது, தேடத் தேட எல்லாம் அவள் கண்ணுக்கு முன்னாலேயே வரிசையாக விழுந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தார், கத்துவாள் என்று நினைத்தார், எத்தனை நாளாக என்று கேட்பாள், ஏன் என்கிட்ட சொல்லலை என்று கேட்பாள், அதற்குக்கூட மனசுக்குள் ஒரு பதிலை அவசரமாகத் தயார் பண்ணினார். அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"நேத்து தனசீலன் எத்தனை விசிலுங்க குடுத்தான்?"

சவரிமுத்து அவள் வாயைப் பார்த்தார், திரும்பச் சொல்லுவாளோ என்று பார்த்தார். அவள் திரும்பச் சொல்லவில்லை. நன்றாகப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டபுள் என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது, முழுநாளும் பழக்கின வார்த்தை, ஒரு மூச்சு விட்டால் போதும். அசதியாக இருந்தது. இத்தனை நாளாகக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, வாயைப் பார்த்துப் பார்த்து, சிரிக்கிறவனோடு சிரித்துச் சிரித்து, உடம்பில் ஒரு துளி தெம்பு மிச்சமில்லை. இன்னும் ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்த அவரால் ஆகவில்லை.

"தெரியல புஷ்பம்" என்றார். தன் குரலே அவருக்கு எங்கோ பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்டது. "எனக்கு ஒண்ணுகூடக் கேக்கல. அவன் சிங்கிள்னு சொல்றான். சிங்கிளாத்தான் இருக்கும்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் போலிருக்கிறது, எவ்வளவு சத்தமாக என்று தெரியவில்லை. வேலை போகும் என்று அவளுக்கும் தெரியும், வேலை போன வீட்டில் என்னென்ன நின்றுபோகும் என்று அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் கையை நீட்டி அவள் முதுகில் வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, "விடியிற வரைக்கும் வச்சிருந்தேன்னா நான் மாத்திச் சொல்லிருவேன்" என்றார். "என்னைய எனக்குத் தெரியும். இப்பவே தனசீலனுக்கு ஃபோனைப் போடு. பேசறதை நான் பேசிர்றேன். அவன் என்னைய என்ன திட்டுறான்னு மட்டும் நீ கேட்டுச் சொல்லு."